ஒரு கம்ப்யூட்டருக்கு இரண்டு காவல்

நான் மெதுவாகிவிட்டேன் என்பது என்னைத் தவிர எல்லாருக்கும் முதலில் தெரிந்துவிட்டது. கடைசியில் நானும் அதை நம்பினேன். அந்த வயிற்றெரிச்சல் இன்னும் அடங்கவில்லை. நிதானமாக எழுத வேண்டும் என்றுதான் உட்கார்ந்திருக்கிறேன், பார்ப்போம்.

மண்ணூர்பேட்டையில் தொழிற்பேட்டையை ஒட்டிய ஒரு ஷெட்டில் எனக்கு வேலை. இரும்புத் தகட்டை வெட்டி வளைக்கிற அச்சு, அதாவது டை, செய்யும் பட்டறை. பாடியிலிருந்தும் அம்பத்தூரிலிருந்தும் கம்பெனிக்காரர்கள் வந்து, இந்த மாதிரி ஒரு பாகம் வேண்டும் என்பார்கள். அந்தப் பாகத்தை அடித்து எடுக்கிற டையை நான் கம்ப்யூட்டரில் வரைந்து கொடுப்பேன். நான் வரைந்ததை பென்டிரைவில் போட்டுக் கீழே எடுத்துப்போய் மெஷினில் கொடுத்து இரும்பை வெட்டுவார்கள். நான் வளர்ந்தது ஆவடி குவார்ட்டர்ஸில். அப்பா அங்கே தொழிற்சாலையில் ஃபிட்டர். டிப்ளமா முடித்த கையோடு இந்தப் பட்டறைக்கு வந்தவள், கல்யாணம் ஆகி அண்ணனூரில் குடித்தனம் வைத்த பிறகும் இங்கேயேதான் இருக்கிறேன். பட்டரைவாக்கத்தில் ரயிலை விட்டு இறங்கி ஷேர் ஆட்டோ பிடித்தால் என் நாற்காலி.

அந்த நாற்காலிக்கு ஒரு பெயர் இருந்தது. "அந்தம்மாகிட்ட குடு, சாயங்காலத்துக்குள்ள வந்துடும்" என்று வாடிக்கையாளர்களிடம் முதலாளியே சொல்வார். எனக்குக் கை வேகம். பெருமைக்காகச் சொல்லவில்லை, பெருமைதான் என்றாலும் அது உண்மை. பக்கத்து ஷெட்டுக்காரர் இரண்டு தடவை கூடுதல் சம்பளம் சொல்லி என்னைக் கூப்பிட்டுப் பார்த்தார். போகவில்லை. இன்றைக்கு நினைத்தால் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது.

முதலாளி இரும்பைக் கடையும் லேத் மெஷினில் நின்று மேலே வந்தவர். பள்ளிக்கூடம் அதிகம் போகவில்லை, ஆனால் இரும்பைத் தொட்டுப் பார்த்தே சூடு சொல்வார். அவரிடம் ஒரு குணம் உண்டு. எதுவானாலும் இரண்டு வேண்டும். ஷட்டருக்கு இரண்டு பூட்டு. வாசலில் திருஷ்டிப் பூசணியும் தொங்கும், அதற்குப் பக்கத்தில் எலுமிச்சையும் மிளகாயும் கோத்த கயிறும் தொங்கும். சாயங்காலம் கற்பூரம் காட்டியதும் மெயின் சுவிட்சை இறக்குவார். இறக்கிவிட்டு ஃபியூஸ் கட்டையையும் பிடுங்கி மேஜை டிராயரில் வைத்துப் பூட்டுவார். எங்கோ ஒரு ஷெட் கரண்ட் கோளாறில் எரிந்ததைச் சின்ன வயதில் கண்ணால் பார்த்தவர். அதற்கு நான் குறை சொல்ல மாட்டேன்.

வைரஸ் என்பதை நாங்கள் முதலில் பார்த்தது ஒரு வாடிக்கையாளரின் பென்டிரைவில். அதைச் செருகியதும் கம்ப்யூட்டரில் இருந்த ஃபோல்டர் எல்லாம் அம்புக்குறி போட்ட வெறும் படமாக மாறிவிட்டது. உள்ளே இருந்த டிராயிங் ஒன்றும் திறக்கவில்லை. பாதி முடித்த ஒரு டையை நான் முதலிலிருந்து வரைய வேண்டியதாயிற்று. முதலாளி அன்று சாப்பிடவில்லை. மறுவாரமே சர்வீஸ்காரரை வரவழைத்து ஆன்டிவைரஸ் போட்டார். அது வந்த அட்டைப்பெட்டியைச் சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்துக் குங்குமம் இட்டார். ஆன்டிவைரஸ் தன் பாட்டுக்குத் திரையின் மூலையில் ஒரு கேடயப் படமாக இருந்தது, வேலையும் நடந்தது. அதுவரை எனக்கு ஒரு வருத்தமும் இல்லை.

பிறகு ஒரு நாள் பின் தெருவில் இருந்த ஷெட்டில் யாரோ கம்ப்யூட்டரை எங்கிருந்தோ பூட்டிவிட்டுப் பணம் கேட்கிறார்கள் என்று ஒரு செய்தி வந்தது. முதலாளிக்கு முகம் வெளுத்துவிட்டது. அந்த ஞாயிற்றுக்கிழமை நான் இல்லாத நேரத்தில் ஏதோ கடையிலிருந்து ஆளைக் கூட்டிவந்து இன்னொரு ஆன்டிவைரஸைப் போட்டுவிட்டார். திங்கட்கிழமை நான் வந்து பார்த்தபோது திரையின் கீழ் மூலையில், மணி காட்டும் இடத்துக்குப் பக்கத்தில், ஒரு கேடயத்துக்குப் பதிலாக இரண்டு கேடயம் இருந்தது.

"இது எதுக்கு சார் இன்னொண்ணு?" என்றேன்.

"நம்ம ஷட்டருக்கு எத்தினி பூட்டு?" என்று திருப்பிக் கேட்டார். "ஒண்ணு கோட்டை வுட்டா இன்னொண்ணு புடிச்சிக்கும்மா. நீ கவலப்படாத வேலயப் பாரு."

எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. யாருக்குத்தான் படாது?

அந்த வாரமே தொடங்கியது. காலையில் கம்ப்யூட்டரைப் போட்டால், நான் டீ குடித்து, தம்ளரைக் கழுவி வைத்து, வந்து உட்கார்ந்த பிறகும் வட்டம் சுற்றிக்கொண்டிருக்கும். ஒரு டிராயிங்கைத் திறந்தால் திரை வெளிறிப்போய் நிற்கும். ஒரு கோட்டை இழுத்தால் கோடு வராது. வரவில்லையே என்று இன்னொரு தடவை இழுத்தால் இரண்டு கோடும் சேர்ந்து வந்து விழும், பிறகு ஒன்றை அழிக்க வேண்டும், அழிப்பதற்கும் காத்திருக்க வேண்டும். அவசரப்பட்டால் இன்னும் கெடுகிறது என்று தெரிந்ததும் ஒவ்வொரு கிளிக்குக்குப் பிறகும் மவுசை விட்டுக் கையை எடுத்துவிடப் பழகினேன். எடுத்த கை சும்மா இருக்காமல் இடது கை வளையலைப் பிடித்து ஒரு சுற்று சுற்றும். அதற்குள் திரை தெளிந்திருக்கும். சில சமயம் இரண்டு சுற்று.

முதலாளியிடம் சொன்னேன். சொல்லாமலா இருப்பேன்?

"கம்ப்யூட்டர் ரொம்ப ஸ்லோ ஆயிடுச்சு சார். ஆளைக் கூப்பிட்டுக் காட்டணும்."

"ஓடிகினுதானே கீது?"

"ஓடுது சார். ஆனா மெதுவா ஓடுது."

அவர் கீழே கையைக் காட்டினார். அங்கே அவருடைய முதல் லேத்து நின்றது. "அத நான் வாங்கினப்ப உனக்குக் கல்யாணமே ஆவல. அன்னிக்கி சுத்துன சுத்துதான் இன்னிக்கும் சுத்துது. மெஷின் எங்கயாவது ஸ்லோ ஆவுமாம்மா? ஒண்ணு ஓடும், இல்லன்னா நிக்கும்."

இதுதான் லேத்துக்காரர்களின் புத்தி. எங்கள் தொழிற்பேட்டை முழுக்க இதே புத்திதான். சுழற்சி மாறாத இரும்போடு வாழ்ந்தவர்கள். உற்பத்தி குறைந்தால் அவர்கள் மெஷினைப் பார்க்க மாட்டார்கள், மெஷின் முன்னால் நிற்கிற ஆளைப் பார்ப்பார்கள். ராத்திரி தூங்கினானா, குடித்தானா, வீட்டில் சண்டையா என்று விசாரிப்பார்கள். என்னையும் அப்படித்தான் விசாரித்தார். "ஊட்ல எதுனா பிரச்சனையாம்மா?" என்று அவர் கேட்டதில் உண்மையான அக்கறை இருந்தது. அந்த அக்கறையைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

சாயங்காலம் தர வேண்டிய டிராயிங் மறுநாள் போயிற்று, மறுநாள் தர வேண்டியது அதற்கும் மறுநாள். வாடிக்கையாளர்கள் முகம் சுளித்தார்கள். நான் வழக்கமாகப் பிடிக்கிற ரயிலுக்கு முந்தைய ரயிலைப் பிடித்து வந்து பார்த்தேன். வந்து என்ன செய்ய? ஃபியூஸ் கட்டை டிராயரில் இருக்கிறது, டிராயர் சாவி முதலாளி இடுப்பில் இருக்கிறது. பூட்டிய ஷட்டருக்கு வெளியே, பூசணிக்காய்க்குக் கீழே, சாப்பாட்டுப் பையோடு நின்றேன். லாரிக்காரர்கள் என்னைப் பார்த்துக்கொண்டு போனார்கள்.

வீட்டிலும் இதே பேச்சு வந்தது. என் கணவர் அம்பத்தூரில் ஒரு கம்பெனியில் ஸ்டோர்ஸ் பார்க்கிறார். கெட்டவர் இல்லை. எதையும் ஒரு வரியில் முடித்துவிடுகிற மனிதர்.

"வயசாகுதுல்ல. முன்ன மாதிரியே இருக்குமா?" என்றார், தோசையைப் பிய்த்துக்கொண்டே.

"கம்ப்யூட்டர்தான் ஸ்லோ."

"எல்லாரும் அப்படித்தான் சொல்லுவாங்க."

அவர் சாப்பிட்டுவிட்டுக் கையைக் கழுவப் போய்விட்டார். நான் தோசைக்கல் முன்னால் நின்று யோசித்தேன். சாவியை எங்கே வைத்தேன் என்று சமீபத்தில் தேடினேன். பக்கத்து வீட்டுப் பெண்ணின் பெயர் சட்டென்று வரவில்லை. ஒருவேளை இவர்கள் சொல்வதுதான் சரியோ? அந்தச் சந்தேகம் ஒரு தடவை உள்ளே வந்துவிட்டால் போதும், எதையெடுத்தாலும் அதற்குச் சாட்சியாகத் தெரியும். கண் டாக்டரிடம் போனேன். கண்ணாடி மாற்றினார், மேலே தூரத்துக்கு, கீழே கிட்டத்துக்கு. அதைப் போட்டுக்கொண்டு படியிறங்கத் தடுமாறினேன், அதையும் வயசு என்றே எடுத்துக்கொண்டேன். தைராய்டு பார்த்தேன், சர்க்கரை பார்த்தேன். எல்லாம் சரியாக இருந்தது. சரியாக இருக்கிறது என்று சொன்னபோது எனக்கு அழுகை வந்தது. ஏதாவது ஒரு வியாதி என்றிருந்தால் மாத்திரை போட்டுக்கொண்டு பழைய வேகத்துக்குத் திரும்பிவிடலாம் என்று நான் நம்பிப் போயிருந்தேன்.

ஆயுத பூஜை வந்தது. எல்லா மெஷினுக்கும் பொட்டு வைத்துக்கொண்டே வந்த முதலாளி என் மானிட்டருக்கும் சந்தனம் வைத்தார். வைத்துவிட்டு, "புதுசா ஒரு பொண்ண எடுத்துகினு கீறேம்மா. உனக்கு ஒத்தாசையா இருக்கும்" என்றார். கையிலிருந்த பொரிகடலையைத் தட்டிலேயே திருப்பி வைத்தேன்.

திருநின்றவூரிலிருந்து வந்த பெண். நல்ல பெண். என்னை அக்கா என்றுதான் கூப்பிடும். அதற்குப் புதிதாக ஒரு லேப்டாப் வாங்கிக் கொடுத்தார். லேப்டாப்போடு வந்த பாதுகாப்பு மட்டும்தான் அதில் இருந்தது, சாயங்காலம் அந்தப் பெண் அதை வீட்டுக்கும் எடுத்துக்கொண்டு போய்விடும். நான் வளையலைச் சுற்றிக்கொண்டு காத்திருக்கிற அதே டையை அந்தப் பெண் மடமடவென்று திறந்து, திருப்பி, வெட்டிக் காட்டும். முதலாளி அதன் பின்னால் நின்று பார்ப்பார். பிறகு திரும்பி என்னைப் பார்ப்பார்.

ஒரு நாள் பொறுக்க முடியாமல் கேட்டேன். "அந்த லேப்டாப்புல ஒரே ஒரு வேலை நான் செஞ்சு பாக்கறேன் சார்."

"ஒரு ஆளுக்கு ஒரு மெஷினு. அடுத்தவன் மெஷின்ல கைய வைக்கக் கூடாது. உனக்குத் தெரியாததா?" என்றார்.

தெரியும். பட்டறையில் அது சட்டம். ஒருவன் செட் செய்த லேத்தில் இன்னொருவன் கை வைத்தால் அடிதடியே நடக்கும். அந்தச் சட்டம் இரும்புக்கு எழுதியது, கம்ப்யூட்டருக்கு இல்லை என்று யார் அவருக்குச் சொல்வது? நான் சொன்னால் சாக்கு என்பார். பெரிய டை எல்லாம் அந்தப் பெண்ணிடம் போனது. எனக்கு டெலிவரி சலான் அடிக்கிற வேலையும், பழைய டிராயிங்கை பிரிண்ட் எடுக்கிற வேலையும் வந்தது. சலான் அடிக்க வேகம் தேவையில்லை. அதற்கும் வட்டம் சுற்றியது.

இப்படியே அடுத்த ஆயுத பூஜையும் போய்விட்டது. அதற்குப் பிறகுதான், ஆன்டிவைரஸைப் புதுப்பிக்கச் சர்வீஸ்காரர் பாடியிலிருந்து வந்தார். முதல் ஆன்டிவைரஸைப் போட்ட அதே ஆள். என் நாற்காலியில் உட்கார்ந்து கம்ப்யூட்டரைப் போட்டார். காத்திருந்தார். கழுத்தை நீட்டிக் கீழ் மூலையைப் பார்த்தார்.

"இன்னா மேடம் இது, ரெண்டு கேடயம் கீது? யாரு போட்டது?"

"சார்தான் போட்டாரு. ஒண்ணு விட்டா இன்னொண்ணு பிடிக்கும்னு."

அவர் ஏதோ ஒரு ஜன்னலைத் திறந்து காட்டினார். அதில் டிஸ்க் நூறு சதவீதம் என்று சிவப்பாக நின்றது. "நீங்க ஒரு ஃபைலத் தொறந்தா இந்த ஆன்டிவைரஸ் போயி செக் பண்ணுது. இது செக் பண்றதப் பாத்து, எவனோ ஃபைல நோண்டறான்னு அது வந்து செக் பண்ணுது. அது வந்தத பாத்து இது மறுபடி போவுது. உங்க வேலைக்கு எடமே இல்ல மேடம். ஒரு கம்ப்யூட்டருக்கு ரெண்டு போடவே கூடாது." பிறகு இன்னொரு பக்கத்தைத் திறந்து பார்த்துவிட்டுக் கேட்டார். "ராத்திரில கம்ப்யூட்டர ஆஃப் பண்ணிடறீங்களா?"

"மெயினையே இறக்கிடுவாரு."

"அதான் பாருங்க. ரெண்டுமே முழு ஸ்கேன ராத்திரிக்கு வெச்சிகினு கீது. ராத்திரி கரண்ட் இல்ல. அதனால காலைல நீங்க ஆன் பண்ண ஒடனே ரெண்டும் சேந்து ஆரம்பிச்சுடுது. டெய்லி. எப்டி மேடம் இதுல வேல பாத்தீங்க இத்தினி நாளு?"

எப்படிப் பார்த்தேன்? கண்ணாடி மாற்றிக்கொண்டு பார்த்தேன். ரத்தம் கொடுத்துச் சர்க்கரை பார்த்துக்கொண்டு பார்த்தேன். அவரிடம் இதையெல்லாமா சொல்ல முடியும்?

இரண்டாவதாகப் போட்டதை அவர் எடுத்தார். முதலில் போட்டதைப் புதுப்பித்து, அதன் ஸ்கேனைச் சாப்பாட்டு வேளைக்கு மாற்றி வைத்தார். கம்ப்யூட்டரை ஒரு தடவை அணைத்துப் போட்டார். நான் டீ எடுக்க எழுந்திருக்கும் முன்னே திரை வந்துவிட்டது. இருப்பதிலேயே பெரிய டையைத் திறக்கச் சொன்னேன். திறந்தது. சும்மா, கதவு திறப்பதுபோலத் திறந்தது. எனக்கு முதலில் வந்தது சந்தோஷம்தான். நான் நன்றாகத்தான் இருந்திருக்கிறேன்! என் கையில் ஒரு குறையும் இல்லை! கீழே ஓடிப்போய் முதலாளியைக் கையோடு கூட்டிவந்தேன்.

சர்வீஸ்காரர் எல்லாவற்றையும் அவரிடம் மறுபடி சொன்னார். முதலாளி இடுப்பில் கை வைத்துக் கேட்டார். கேட்டு முடித்ததும் வயிறு குலுங்கச் சிரித்தார்.

"அட, அதானா சமாச்சாரம்! நான்கூட இந்தம்மாவுக்கு வயசாயிடுச்சின்னு இல்ல நெனச்சிகினு இருந்தேன்!"

அந்தப் பெண்ணும் சிரித்தது. சர்வீஸ்காரரும் சிரித்தார். நானும் சிரித்தேன் என்பதைத்தான் இன்றுவரை என்னால் மன்னிக்க முடியவில்லை. அவரிடமிருந்து ஒரு வார்த்தை வரும் என்று காத்து நின்றேன். "தப்பா நெனச்சுட்டேம்மா" என்று ஒரே ஒரு வார்த்தை. அவர் சர்வீஸ்காரருக்கு டீ சொல்லி அனுப்பினார்.

டீ வந்து குடித்துச் சர்வீஸ்காரர் போன பிறகு முதலாளியிடம் நானே கேட்டேன். "நேத்து வந்துச்சுல்ல சார், அந்தப் பெரிய டை, அதை எனக்குக் கொடுங்க. சாயங்காலத்துக்குள்ள முடிச்சுத் தரேன்." என் குரல் எனக்கே பழையபடி கேட்டது.

"ஆங், குந்து. போடு பாப்போம்" என்று சொல்லி என் பின்னால் வந்து நின்றார். அந்தப் பெண்ணும் நாற்காலியைத் திருப்பிக்கொண்டது.

தொடங்கினேன். என்ன வரைய வேண்டும் என்பது தலையில் தெளிவாக இருந்தது. எங்கே துளை, எங்கே வளைவு, எவ்வளவு இடைவெளி, எல்லாம். முதல் கோட்டுக்கு கிளிக் செய்தேன். கோடு உடனே விழுந்தது. கை மவுசை விட்டு எழுந்து போய் வளையலைப் பிடித்தது. ஒரு சுற்று. திரும்பி வந்தது. அடுத்த கிளிக். கோடு விழுந்தது. கை எழுந்தது. வளையல். போகாதே என்று பல்லைக் கடித்துக்கொண்டு அடுத்த கிளிக்கைச் செய்தேன், கையை மவுசிலேயே அழுத்தி வைத்தேன், ஆனால் விரல் அசையவில்லை, ஒரு சுற்று நேரம் அப்படியே நின்றுவிட்டுத்தான் அடுத்ததற்குப் போனது. திரையில் எல்லாம் தயாராக இருந்தது. கம்ப்யூட்டர் எனக்காகக் காத்துக்கொண்டிருந்தது.

முதலாளி கொஞ்ச நேரம் பார்த்தார். இரும்பைத் தொட்டே சூடு சொல்கிற மனிதர், அவர் கண்ணுக்கு எதுவும் தப்பாது. குனிந்து, கோபமே இல்லாமல், வீட்டில் ஏதாவது பிரச்சனையா என்று அன்று கேட்டாரே அதே குரலில் கேட்டார்.

"அதான் ரெண்டாவத எடுத்தாச்சே. இன்னும் இன்னாத்துக்கும்மா வெயிட் பண்ற?"

குனிந்து பார்த்தேன். கை வளையலில் இருந்தது. அந்த டை மறுபடி அந்தப் பெண்ணிடமே போயிற்று. நான் சலான் அடிக்கிறேன்.